மாவ்பியிலிருந்து வந்த ஐந்தாவது கைநாட்டு

1. துண்டுச் சீட்டு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இன்னொருத்தர் வேலையைப் பறித்துக்கொண்டுதான் சேர்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் கோபமாக எழுதும்போது, இவன் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

யாங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் சத்தம் கேட்கிற தெருவில் எங்கள் தமிழர் சங்கம். பெயர் வேண்டாம். ஆபீஸ் பியூன் வேலைக்குப் பத்தாவது பாஸான ஒருவரை இன்டர்வியூ வைத்து எடுத்திருந்தார்கள். நான் ஆறாவதோடு நின்றவன். என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. பக்கத்து ஊர் மாவ்பியில் அரிசி மில் வைத்திருந்த அருணாசலம் எழுதிக் கொடுத்தது. மரியாதைக்கு, பர்மிய வழக்கப்படி ஊ சேர்த்து ஊ அருணாசலம் என்போம். "இவன் நம்ம ஆளு, போட்டுக்கவும்" என்று எழுதியிருந்தார். போட்டுக்கொண்டார்கள். அந்தப் பத்தாவது பாஸ்காரர் டிபன் பாக்ஸோடு வந்து, டிபன் பாக்ஸோடு திரும்பிப் போனார்.

2. என் காலில் நடந்த மேல் சபை

சங்கத்தில் இரண்டு சபை. பொதுக் கமிட்டியை மெம்பர்கள் ஓட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்கு மேலே மேல் சபை, ஒன்பது பேர். அதற்கு ஓட்டு கிடையாது. தலைவர் நியமிப்பார், ஆயுசு முழுக்க. தலைவரின் சம்பந்தி, தலைவருக்குக் கார் கொடுத்தவர், பழைய பார்ட்னர், என்னைச் சேர்த்துவிட்ட ஊ அருணாசலம் என்று ஒன்பது நாற்காலியும் நிறைந்தது. பொதுக் கமிட்டி என்ன தீர்மானம் போட்டாலும், மேல் சபையில் ஐந்து பேர் "வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டால் அது செத்தது.

ஆனால் கூட்டத்துக்கு வருவது நாலு பேர்தான். மற்றவர்களுக்கு 'வீட்டுக் கையெழுத்து' என்று ஒரு பழக்கம். அதாவது நான் ரிஜிஸ்தரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்கு ஃபெர்ரி, மாவ்பிக்கு பஸ். நான் பயந்த சுபாவம். ஃபெர்ரியில் யாராவது இடித்தால்கூட ரிஜிஸ்தர் ஆற்றில் விழுந்துவிடும் என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். பையின் ஜிப்பை நாலு தடவை பார்ப்பேன்.

ஒருவர் டீக்கடையில் வைத்துப் போடுவார். ஒருவர் முடி வெட்டிக்கொண்டே போடுவார். "எங்கப்பா போடணும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தர் கேட்டதில்லை.

3. சந்திராவின் அறை

சந்திரா எங்கள் சங்கச் சமையல்கட்டில் பதினாலு வருஷமாக வேலை செய்கிறாள். அப்பா தமிழ், அம்மா பர்மியப் பெண். பேசுவது பாதி பர்மிய மொழியில்தான். திருவிழாவுக்கு ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைப்பாள், ருசி பார்க்காமலே உப்பு சரியாக இருக்கும். ஹாலுக்குப் பின்னால் ஓர் அறையில், நடக்க முடியாத அம்மாவோடு இருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் சங்கச் செக்ரெட்டரியின் மச்சானுக்கு அந்த அறை மேல் கண் விழுந்தது. கரன்ட் வருவதும் போவதுமாக இருக்கிற ஊரில் அவர் சோலார் பேனல், பேட்டரி வியாபாரம் செய்கிறார். சாமான் வைக்க கொடவுன் வேண்டும். மூன்று மாதத்தில் சந்திரா காலி செய்ய வேண்டும் என்று மேல் சபை உத்தரவு போட்டது. ஐந்து பேர் ஒப்புதல். ஐந்தாவது, மாவ்பி ஊ அருணாசலத்தின் கைநாட்டு.

அவர் பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருஷம். பெற்ற மகனையே அடையாளம் தெரியாது. தமிழில் அழகாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்ட மனிதர் பெயருக்கு எதிரே திடீரென்று ஊதா நிறத்தில் கைநாட்டு வந்ததே, அது ஏன் என்று சபையில் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

இங்கே 'ஆனாடே' என்று ஒரு வார்த்தை உண்டு. எதிரில் இருப்பவருக்குச் சங்கடம் வரக்கூடாதென்று வாயை மூடிக்கொள்வது. நல்ல குணம்தான். ஆனால் நான் என் பயத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டிருந்தேன்.

4. வராதவர்களின் ஓட்டு

பொதுக் கமிட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. மேல் சபையில் நேரில் வராதவர் கையெழுத்து செல்லாது, நியமனத்தை எடுத்துவிட்டுத் தேர்தல் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது நிறைவேறினால் சந்திரா அறைக்குப் போட்ட உத்தரவையும் நேரில் உட்கார்ந்து மறுபடி ஓட்டெடுக்க வேண்டும். நேரில் என்றால் ஐந்து பேர் தேறாது. அறை பிழைக்கும்.

ஆனால் இந்தத் தீர்மானமும் மேல் சபைக்குத்தானே போக வேண்டும்? வராதவர் ஓட்டு செல்லுமா என்பதற்கு வராதவர்களே ஓட்டுப் போடுகிறார்கள். இந்த அநியாயத்தை எந்த ஊரில் போய்ச் சொல்ல?

ஆபீஸில் வைத்தே வாக்குவாதம். "ஓட்டுன்னு திறந்துவிட்டா கண்டவனும் வந்து உக்காருவான். அனுபவம் வேணாமா?" என்றார் செக்ரெட்டரி.

மேல் சபையில் ஒழுங்காக வருகிறவர், ரிட்டயர்டு ரயில்வே ஃபிட்டர் ஊ ராமையா. அவர் சிரித்தார். "எதுல அனுபவம்? வராம இருக்கறதுலயா?"

செக்ரெட்டரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேண்டாம்னு நாலு கையெழுத்து இருக்கு. மாவ்பி போய் ஒண்ணு வாங்கியாந்துரு. உன்னைச் சேர்த்துவிட்டவர் வீடுதானே, உனக்கென்ன கஷ்டம்?"

5. மாவ்பியில்

ஊ அருணாசலத்தின் மருமகள் மா கின் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "வாங்க ஊலே, போன் வந்துச்சு" என்றாள். ஊலே என்றால் சித்தப்பா மாதிரி. "நான் கிண்ணத்தைப் பிடிச்சிருக்கேன், நீங்களே கையைப் பிடிச்சு வச்சிடுங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். "யாரு? நெல்லு லோடு வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

கட்டைவிரலில் கஞ்சி ஒட்டியிருந்தது. என் துண்டால் துடைத்தேன். மை பேடில் அழுத்தி, ரிஜிஸ்தரில் வைத்தேன். அவர் தானாக ஒரு இம்மிகூட அழுத்தவில்லை. விரல் என் கைக்குள் துணி மாதிரி கிடந்தது. ஆமாம், அன்றும் வைத்தேன். பஸ்ஸில் வரும்போது என் விரலில் ஒட்டியிருந்த மையைத் துண்டில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

6. யாருடைய கை

ஞாயிறு காலை கூட்டம். சந்திராதான் டீ கொண்டுவந்து வைத்தாள். தன்னை வெளியேற்றப்போகிறவர்களுக்குத் தன் கையாலேயே, யாருக்குச் சர்க்கரை கூடாது என்று நினைவு வைத்து.

செக்ரெட்டரி ரிஜிஸ்தரை விரித்து எண்ணினார். "வேண்டாம்னு அஞ்சு பேர். தீர்மானம் தள்ளுபடி."

சந்திரா என் பக்கம் டம்ளரை நீட்டினாள். "உங்களுக்கு இஞ்சி போட்டிருக்கேன் அண்ணே, தொண்டை கட்டியிருக்குல்ல."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். உட்கார்ந்தே சொன்னேன். "அஞ்சாவது கைநாட்டு ஊ அருணாசலம் கை இல்லங்க."

"பின்ன யாரு கை?"

"என் கை. அவருக்கு நினைவு இல்ல. நான்தான் விரலைப் பிடிச்சு வச்சேன். சந்திரா அறைக்குப் போட்ட உத்தரவிலயும் நான்தான் வச்சேன்."

செக்ரெட்டரி எழுந்துவிட்டார். "நன்றி கெட்டவனே! உன்னை இங்க சேர்த்தது யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அவர் விரலைத்தான் பிடிச்சேன்."

ஊ ராமையா ரிஜிஸ்தரைத் தன் பக்கம் இழுத்தார். "அப்ப நாலுதான். இன்னொருத்தர் கைநாட்டை வச்சு ஒரு பொம்பளையைத் தெருவுல விடவா பார்த்தீங்க? அடிங்க கோடு!" செக்ரெட்டரி பேனாவைத் தொடவில்லை. ராமையாவே கோடு போட்டார், இரண்டு இடத்திலும்.

சந்திரா மேஜைக்கு வந்தாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். என் டம்ளரை மட்டும் எடுக்கவில்லை. அது நியாயம்தான். முதல் தடவையே நான் வாயைத் திறந்திருந்தால், மூன்று மாதம் அவள் சட்டி பானையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள்.

7. கடைசியாக

அறை அவளிடம்தான் இருக்கிறது. தீர்மானத்தில் பாதிதான் நிறைவேறியது. நேரில் வராவிட்டால் கையெழுத்து செல்லாது என்பது வந்துவிட்டது. தேர்தலைத் தலைவர் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தள்ளிவிட்டார். அதற்குள் ஒரு நாற்காலி காலியாக, தலைவர் யாரை நியமித்தார் தெரியுமா? பேட்டரி மச்சானை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, ரிஜிஸ்தரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். என்றைக்கு எடுப்பார்களோ என்று தினமும் பயப்படுகிறேன்.

சங்க வேலைக்கு வருகிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்களும் சீட்டில்தான் வந்திருப்பீர்கள், தெரியும். யாரிடமாவது கையெழுத்து வாங்கப் போனால், பேனாவைக் கொடுக்குமுன் "இதில் என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க" என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் ரிஜிஸ்தரை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் விரலில் மை இருக்காது.