கீறல் பார்ப்பவர்

‘ஆடி முதல் ஞாயிறு. ஆம்பூர் வாசகர் வட்டம். ஆளுமைக் கோளாறு பற்றி என் பேச்சு. வந்தவர்கள் ஒன்பது பேர்’ என்கிறது என் நாட்குறிப்பு.

ஒன்பதாமவர் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். ஒல்லியான ஆள். எதை எடுத்தாலும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். என் புத்தக அட்டையையும் தடவினார்.

நான் அலசியது ஒரு நாவலின் நாயகனை. பிறர் புகழ்ந்தால்தான் தன்னை மனிதனாக உணர்வான். யாராவது குறை சொன்னால் வீட்டுக்கு வந்து மனைவியை அடிப்பான். சிறுவயதில் பட்ட அவமானங்களில் காரணம் தேடினேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் அருகில் வந்தார்.

“தோல்ல இருக்கற முள்ளுக்கம்பி கீறலு, ஆடு உயிரோட இருக்கறப்பவே உழுந்தது சார். பதம் பண்ணதுக்கப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அப்போ ரிஜெக்ட்டுதான். உங்க ஆளு மாறுவானா?”

“மாட்டான். கடைசிப் பக்கம் வரைக்கும் அப்படியேதான்.”

“என் சம்சாரம் பேர்ணாம்பட்டுல அம்மா வூட்டுக்குப் போய்ட்டா. நாளைக்குப் போய் கூப்பிடலாம்னு இருந்தேன்.”

“நான் கதையைத்தான் சொன்னேன்.”

“நானும் அதத்தான் சார் கேட்டேன்” என்று சிரித்தார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு அவர் மனைவி வந்தார். “இங்க வந்துட்டுப் போனவரு வேலைக்கும் போவல, என்னயும் வந்து பாக்கல. இன்னா சார் சொன்னீங்க அவர்கிட்ட?”

மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில் அந்தத் தரம் பிரிப்பவரைப் பார்த்ததாக ஒருவர் சொல்கிறார். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். நான் இன்னும் போய் உறுதி செய்யவில்லை.