சாவியைக் கொடுத்துடாதே

உலகத்தில் மொத்தம் இரண்டே வல்லரசுகள். ஒன்றின் பெயர் மறந்துவிட்டது. இன்னொன்று, பேருந்து நிலையத்தை ஒட்டி ஐந்தடி அகலத்தில் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்கா. அவள் முறைத்தால், சிக்கிய காகிதத்தை இயந்திரம் தானே துப்பிவிடும்.

வாடகை ஒப்பந்தத்தோடு யார் வந்தாலும் உடனே நகலெடுக்க மாட்டாள். "படிச்சியா?" என்பாள். "அப்புறம் படிச்சுக்கறேன்" என்றால் போச்சு. ஒரு வரி விடாமல் உரக்கப் படிக்க வைத்த பிறகுதான் பொத்தானை அழுத்துவாள். பின்னால் நிற்கும் வரிசை பல்லைக் கடிக்கும்.

அன்று மதியம் தையல் கம்பெனியில் காலர் தைக்கும் பெண் வந்தாள். பதினெட்டு வயது. ஒரு கையில் துணிப்பை, மறுகையில் சாவி.

"அடையாள அட்டைக்கு ஒரு காப்பி போடுங்கக்கா. ஹாஸ்டல்ல இடம் கேக்கணும். வீட்டுக்காரரோட தம்பி வர்றாராம், சாயங்காலத்துக்குள்ள ரூமை காலி பண்ணணுமாம்."

"ஹாஸ்டல்ல இடமில்லன்னா?"

பெண் பேருந்து நிலையத்து பெஞ்சுகளைப் பார்த்தாள்.

"ஒப்பந்தத்தை எடு."

பையின் அடியிலிருந்து கசங்கி வந்தது. ஏழாவது பத்தி: காலி செய்யச் சொல்வதென்றால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். எட்டாவது: சாவியை ஒப்படைத்தால் அன்றே காலி செய்ததாகக் கொள்ளப்படும்.

"ஐயோ, இப்ப அதைத்தான் கொடுக்கப் போறேன். பெரியவர் கேக்கும்போது கொடுக்கலன்னா மரியாதையா இருக்காதேன்னு..."

அக்காவின் முகம் மாறியது. அவளும் இதே வயதில் மரியாதைக்காகச் சாவியை நீட்டியவள்தான். பிறகு மூன்று வாரம் இதே கடையில், அப்போதைய முதலாளிக்குத் தெரியாமல், சூடு ஆறாத இயந்திரத்தில் முதுகைச் சாய்த்துத் தூங்கினாள்.

ஷட்டரை இறக்கினாள். "நட."

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "இது என் வீடும்மா."

"உங்க வீடுதான் சார், யாரும் தூக்கிட்டுப் போகல. இந்தக் கையெழுத்தும் உங்களுதா, இல்ல அது மட்டும் எதிர்வீட்டுக்காரருதா?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டார். படித்தார். மறுபடியும் படித்தார். "இப்ப என்னங்கற?"

"எழுதிக் கொடுங்க. இன்னைலருந்து ஒரு மாசம்."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பேனாகூட அக்காவுடையது. பெண் அறைக்குப் போய் அதே சாவியால் பூட்டைத் திறந்தாள். இருபதாம் நாள் இரண்டு தெரு தள்ளி வேறு அறை கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தை, யாரும் சொல்லாமலே, கடை வாசலில் நின்று உரக்கப் படித்தாள்.

இத்தனையையும் நான் எழுதி நகலெடுக்க நீட்டியபோது அக்காவின் கை பொத்தான் பக்கமே போகவில்லை.

"படிச்சுக் காட்டு."

'வல்லரசு' என்று படித்ததும் சிரித்தாள். 'மூன்று வாரம்' என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"இருபத்தாறு நாள். திருத்து. ஆமா, அந்த இடத்துல மட்டும் உனக்கு ஏன்டா குரல் கம்முது?"