சீருக்குப் போன ஸ்பீக்கர்கள்

அடுத்தவர் வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போக எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. மோட்டார் சைக்கிளைக் கேட்காமல் எடுத்தால் கைகலப்பு ஆகிவிடும். ஆனால், ஒருவர் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி இருப்பது தெரிந்துவிட்டால் போதும், அது ஊர்ப் பொதுச்சொத்து. திருவிழாவுக்குக் கேட்பார்கள், காதுகுத்துக்குக் கேட்பார்கள், கட்சிக் கூட்டத்துக்கும் கேட்பார்கள். தர மறுப்பவருக்குக் கஞ்சன் என்று பெயர். மாதவராஜுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்களில் பலர் எனக்கு உறவினர்கள். சிலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மாதவராஜ் அரசுப் பேருந்து ஓட்டுநர். பாலக்கோட்டுக்கு அருகே எங்கள் தெருவில், என் வீட்டுக்கு அடுத்த வீடு. பல ஆண்டுகளாகச் சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் வண்டி அவருடையது. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடேறி இறங்கும் லாரிகளின் அலறல், வலக்காதை ஒட்டிய சன்னல் வழியே வரும் ஹாரன், காலடியில் இஞ்சின் உறுமல், போதாததற்கு வண்டிக்குள் பயணிகளின் கைப்பேசிகளில் ஆளுக்கொரு பாட்டு. இப்படிப்பட்டவர் வீடு திரும்பினால் அமைதியைத்தான் தேடுவார் என்று நினைப்போம். மாதவராஜ் தேடியது அமைதியை அன்று, சுத்தமான ஓசையை.

முதல் பெட்டியைத் தக்காளி மண்டியில் ஒதுக்கிய பலகைகளால் தாமே அடித்தார். பாடகர் பாடினால் பலகையும் சேர்ந்து பாடியது. அதைப் பிரித்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டுக் கனமான பிளைவுட்டில் வேறு இரண்டு செய்வித்தார். பெங்களூரில் வண்டி ஓய்ந்து நிற்கும் நேரங்களில் சிட்டி மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் அலைந்து, பழைய சரக்கு விற்கும் ஒரு கடையில், உற்பத்தி நின்றுபோன ஒரு வகை ஸ்பீக்கர்களைக் கண்டுபிடித்தார். குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒலிக்கவிட்டு, ஒன்றின் குரல் மற்றொன்றின் குரலோடு ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பப் போய்க் கேட்டு, ஒரு சோடியைத் தேர்ந்தார். "பொண்ணு பாக்கப் போனவன்கூட இப்படித் தட்டிக் கழிச்சதில்லீங்க" என்று அவருடைய நடத்துநர் ஆரோக்கியராஜ் என்னிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

பிறகு வேறொரு தொல்லை. வயல்களுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் வண்டைப் போல் ரீங்கரிக்கும். வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டித் தனியாக ஓர் எர்த் போட்டார். கோடையில் செடிக்குத் தண்ணீர் விடுவதைப் போல அந்தக் குழிக்கும் விட்டார். பெட்டிகள் தரையில் அதிர்ந்தன. கிரானைட் பட்டறையில் உடைந்து ஒதுக்கிய கற்பலகைகளைக் கொண்டுவந்து அடியில் வைத்தார். அறையின் சுவர்கள் எதிரொலித்தன. போர்வைகளும் பஞ்சு மெத்தையும் சுவரேறின. ஒரு மழைக்காலம் முழுவதும் பெட்டிகளைச் சுவரிலிருந்து விரல் அளவு விரல் அளவாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

ஒருநாள் நகர்த்துவது நின்றது. அவர் அன்று போட்டுக் கேட்டது ஒரு பழைய நாகஸ்வரக் கச்சேரி. தவிலின் ஒரு பக்கத்தில் விரற்கூடு படுவதும் மறுபக்கத்தில் கோல் விழுவதும் தனித்தனியே கேட்டனவாம். வாசிப்பவர் மூச்சிழுப்பதும் கேட்டதாம். "போதுங்க சார், இதுக்கு மேல வேண்டியதில்ல" என்றார். ஏறக்குறைய வேலைக்குச் சேர்ந்த காலந்தொட்டு அவர் கட்டிவந்தது அன்றைக்குத்தான் முடிந்தது. அதை அழிக்க ஒரு முற்பகல் போதுமானதாக இருந்தது.

சென்ற வைகாசியில் அவர் தங்கை மணிமேகலையின் மகள் ஐஸ்வர்யாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தங்கையின் வீடு அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி. தங்கை கணவர் அறிவழகன் வீட்டின் முன்பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கிறார். தாய்மாமன் சீர் கொண்டுபோய், மணையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு முதல் மாலையைப் போட்ட பிறகே அங்கே மற்ற எதுவும் நடக்கும். மாதவராஜுக்கு முதல்நாள் விடுப்புக் கிடைக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பணிமனையிலேயே குளித்து வேட்டி மாற்றி, நேராக அங்கே வந்துவிட்டார். அவர் மனைவி சோபனாவும் தெருக்காரர்களான நாங்களும் சீர்த்தட்டுகளோடு அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலில் காத்திருந்தோம்.

ஊர்வலம் பாதி வழி வந்ததும் மாதவராஜ் நின்றுவிட்டார். பந்தலிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. என் காதுக்கு அது வழக்கமான விசேஷ வீட்டு இரைச்சல்தான்.

"சோபனா, அது நம்ம பெட்டி."

"நடங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"நம்ம பெட்டி சத்தம் அது. தொண்டை கிழிஞ்சு கத்துது. எப்படி இங்க வந்துச்சு?"

"நாத்தனார் வந்து கேட்டுச்சு, குடுத்தேன். அப்புறம் பேசிக்கலாம். தட்டைக் கீழ சாய்க்காதீங்க."

பட்டுப்பாவாடை இருந்த அந்தத் தட்டை என் கையில் திணித்துவிட்டு அவர் விரைந்தார். தட்டின்மேல் தட்டாக நான் பின்னால் ஓடினேன்.

நடந்தது இதுதான். ஒலிபெருக்கி வாடகைக்காரர் மைக்கையும் பெரிய ஆம்ப்ளிஃபயரையும் இறக்கிவிட்டுப் போனவர், பெட்டிகள் வேறொரு விசேஷத்தில் மாட்டிக்கொண்டன என்று கைவிரித்துவிட்டார். அன்று முகூர்த்த நாள். வேறு பெட்டிகள் எங்கும் கிடைக்கவில்லை. உடனே, விடியற்காலையிலேயே, அறிவழகனும் மணிமேகலையும் குட்டியானை வண்டியில் பாலக்கோட்டுக்குப் போய், மாதவராஜின் அறையைத் திறக்கச் சொல்லிப் பெட்டிகளைத் தூக்கி வந்துவிட்டார்கள். பந்தலின் வாசலில் பழைய டயர்களை அடுக்கி, அவற்றின்மேல் ஏற்றியிருந்தார்கள். முன்புறத் துணி மூடிகளைக் காணோம். ஆளுக்கொரு சந்தனப்பொட்டு, ஒரு முழம் பூ. ஒன்றின் காகிதக் கூம்பு நடுவில் கிழிந்து படபடத்துக்கொண்டிருந்தது. மற்றொன்றிலிருந்து கருகல் வாடை வந்தது. ஒரு சிறு அறைக்குள் ஒலித் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் கூட்டாமல் கேட்கப்பட்ட பெட்டிகள், நெடுஞ்சாலை லாரிகளோடு போட்டியிட ஏவப்பட்டிருந்தன.

மாதவராஜ் இரண்டு வயர்களையும் பிடுங்கினார். பந்தல் அடங்கியது.

"மச்சான், என்னா பண்றீங்க? ஆரத்தி வர்ற நேரத்துல?" என்று அறிவழகன் ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு எடுத்தாந்தீங்க மாப்ள?"

"யாரைக் கேக்கணும்? தாய்மாமன் வூட்டுப் பொருளுதானே? நாங்க என்னா அடுத்தவன் வூட்டுக்கா போனோம்?"

"கருகிப் போச்சு. கிட்ட வந்து மோந்து பாருங்க."

"ஸ்பீக்கர்னா பாடணும் மச்சான். நீங்க போர்வை போத்திப் படுக்க வெச்சீங்க. அதான், வெளிய வந்ததும் அதுக்குச் சளி புடிச்சுக்கிச்சு."

பந்தலில் சிரித்தார்கள். படித்தவர்கள், பென்ஷன் வாங்குபவர்கள், பிள்ளைகளைப் பொறியாளர்களாக்கியவர்கள், அத்தனை பேரும் சிரித்தார்கள். கிழிந்தது ஒரு பட்டுப்புடவையாக இருந்திருந்தால் இவர்களுள் ஒருவராவது நாக்கைச் சப்புக்கொட்டியிருப்பார்.

"நல்ல நேரம் போவுது. பொண்ணு மணையில உக்காந்திருக்கு. மொதல்ல மாலையைப் போடுப்பா" என்றார் ஒரு பெரியவர்.

மாதவராஜ் அசையவில்லை. வயர்கள் இன்னும் கையில் இருந்தன. அவர் நினைத்தால் அந்த விழாவை அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது எல்லாருக்கும் புரிந்தது, சிரிப்பு நின்றது. மணிமேகலை உள்ளிருந்து வந்து அண்ணனைப் பார்த்தார். நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

வயர்களைப் போட்டுவிட்டு மாதவராஜ் உள்ளே போனார். மாலை போட்டார். ஐஸ்வர்யா தலை குனிந்தபடியே, "நான் பாட்டே வேணாம்னுதான் சொன்னேன் மாமா" என்றாள். சீர் முறைகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் செய்தார். முடித்ததும், இலை போட்டுக் காத்திருந்தவர்களைத் தாண்டி வெளியே வந்து, பெட்டிகளை அதே குட்டியானையில் ஏற்றினார். தங்கை வீட்டு விசேஷத்தில் கை நனைக்காமல் தாய்மாமன் போய்விட்டான் என்ற செய்தி, நாங்கள் பாலக்கோட்டை அடையும் முன்பே பாலக்கோட்டை அடைந்திருந்தது.

அன்று மாலை அடுத்த வீட்டுச் சண்டை முழுவதும் என் காதில் விழுந்தது. காதை மூடிக்கொள்ளும் நாகரிகம் அன்று எனக்கு வரவில்லை.

"உன்னை யாரு தொறந்து விடச் சொன்னது?"

"சீர் விசேஷத்துக்கு நாத்தனார் வந்து வாசல்ல நிக்குது. இல்லன்னு அனுப்பியிருந்தா உங்க சொந்தமெல்லாம் யாரைப் பேசும்? உங்களையா? அண்ணிக்காரி தடுத்துட்டான்னு என்னைத்தான் பேசும்."

"அது என்னான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. எப்படித் தெரியும்? அந்த ரூம்ல ஒரே ஒரு சேர் போட்டு வெச்சிருக்கீங்க. இத்தனை வருசத்துல 'சோபனா, வந்து உக்காரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா? கூட்டறதுக்கு மட்டும் நான் உள்ள போலாம். அப்பவும் வயரை மிதிக்காத, பெட்டியை நகத்தாத. எனக்கு அது ரெண்டு மரப்பெட்டிங்க. மரப்பெட்டியைத்தான் தூக்கிக் குடுத்தேன்."

இரண்டு பெட்டிகளின் ஓசையும் சரியாகக் கூடும் இடம் அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான்; அதில் ஒரு நாற்காலிதான் கொள்ளும். இது உண்மை. ஆனால் எழுந்து இடம் கொடுப்பதற்கு எந்த விதியும் தடையில்லை. அவர் பக்கம் நின்று எழுதும் நான், இந்த ஓர் இடத்தில் சோபனாவின் பக்கம்.

அடுத்த வாரமே அறிவழகன் ஈடு கட்ட வந்தார். இடுப்புயரத்தில் சக்கரம் வைத்த ஒரு புளூடூத் பெட்டி. பாடும்போது சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுழலும். கூடத்தில் நிறுத்தி அதை முழங்கவிட்டு, "பாத்தீங்களா மச்சான், உங்களது ரெண்டு, இது ஒண்ணே. தெருவே அதிருது" என்றார். மாதவராஜ் அதன் சக்கரத்தில் காலை வைத்து வாசல் வரை தள்ளிவிட்டார்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். கேக்காம எடுத்தது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாப்ள."

"ஒரு பாட்டுப் பொட்டிக்கு மன்னிப்பா? நான் பொண்ணு கட்டுன வூட்ல? நல்லாருக்கு!" என்று அறிவழகன் விளக்குகள் சுழலச் சுழல அதை உருட்டிக்கொண்டு போனார்.

சில வாரங்கள் கழித்து மணிமேகலை தனியாகப் பேருந்தில் வந்தார். குரல் உயராமல் இருக்க யாராவது நடுவில் வேண்டும் என்று சோபனா என்னை அழைத்து உட்கார வைத்திருந்தார்.

"சொல்லிடறேன்ண்ணா. கேக்காம எடுத்தது தப்பு. போதுமா?"

"ம்."

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

ஒரு பேச்சுக்காவது 'கொடுத்திருப்பேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சோபனாவின் கண்களும் அதைத்தான் வேண்டின.

"மாட்டேன்" என்றார் மாதவராஜ்.

"அதாண்ணா கேக்கல."

"மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சேதான் எடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான். எடுத்தா திட்டுவ, நாலு நாள் போனா சரியாயிடுவ. நீ வாயைத் தொறந்து மாட்டேன்னு சொல்லிட்டா, அது சரியாவுமா? பொறந்த வூட்ல இல்லன்னுட்டாங்கன்னு என் மாமியார் கட்டையில போற வரைக்கும் சொல்லிக் காட்டும். நீ பெட்டியைப் பாத்த. நான் என் மானத்தைப் பாத்தேன்."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் அந்தப் பெண்ணின் மீது அன்று. எடுத்துக்கொண்டு போவதை மன்னிப்போம், இல்லை என்பதை மன்னிக்கமாட்டோம் என்றொரு வழக்கத்தை நம் உறவுமுறைக்குள் வளர்த்து வைத்திருக்கிறோம். அதனால்தான் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இதற்குப் பாசம் என்று பெயர் வேறு.

பெங்களூரில் கருகிய கம்பிச்சுருளை மாற்றி, புதிய கூம்பு ஒட்டிப் பெட்டிகள் திரும்பிவிட்டன. ஒன்றின் குரல் கனத்துவிட்டது. தவிலின் கோல் பக்கம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறதாம். சோபனாவை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். பாதிக் கச்சேரியில் அவர், "நல்லாத்தாங்க இருக்குது, பால் பொங்கிடும்" என்று எழுந்து போய்விட்டார். மாதவராஜ் அந்தப் பழைய வகை ஸ்பீக்கருக்காக மீண்டும் சந்து சந்தாக அலைகிறார். கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒவ்வொரு முறை வெறுங்கையோடு திரும்பும்போதும், வழியில் அதியமான்கோட்டையைக் கடக்கையில், அவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போவதாக ஆரோக்கியராஜ் சொல்கிறார்.

தை மாதத்தில் மணிமேகலை தொலைபேசியில் அழைத்தார். நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

"அண்ணா, எங்க கொழுந்தன் புது வூட்டுக்குப் பால் காய்ச்சறாங்க. அந்தப் பெட்டியைக் குடுப்பியா?"

"மாட்டேன்."

"சரி. நீயும் அண்ணியும் சாப்பிட வந்துடுங்க."

"பாக்கலாம்."

கைப்பேசியை வைத்துவிட்டு, "எவ்ளோ துணிச்சல் பாருங்க சார், மறுபடியும் கேக்குது!" என்று அவர் இரைந்தார். இரைந்த வேகத்தில் கையிலிருந்த திருப்புளி தெறித்துக் கட்டிலடியில் ஓடியது. ஆனால் விசேஷத்துக்குப் போனார்; இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்; தங்கை பரிமாறியதை ஒதுக்கவில்லை. அறிவழகன் எதிர்வரிசையில் அமர்ந்து, "மச்சான், சாம்பார் வாங்குங்க" என்றபோது மட்டும் தலையை நிமிர்த்தவில்லை. 'தப்பு' என்ற அந்த ஒரு வார்த்தை அறிவழகன் வாயிலிருந்து வரும்வரை நிமிர்த்தத் தேவையில்லை என்பதே என் கருத்தும்.