முதலாளி மறந்துபோன கடிகாரம்

தீபாவளி அன்றைக்கே மழை கொட்டி, பாதிச் சரக்கு லாரியில் திரும்பி வந்த வருஷம்தான், நொடித்துப் போகவில்லை என்று காட்ட எங்கள் முதலாளி வெளிநாட்டுக் கடிகாரம் வாங்கத் தொடங்கினார்.

எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன், கடிகாரம் எதுவும் போகக்கூடாது. கேட்டில் காவல் நிற்கும் என்னிடம்தான் கழற்றிக் கொடுப்பார். திரும்பும்போது, "கீறல் விழலையே அண்ணாச்சி?" என்று தடவிப் பார்த்துத்தான் கட்டுவார்.

இன்றோடு மூன்று நாளாக மறந்துவிட்டுப் போகிறார். காரை மறித்தேன்.

"மொதலாளி, கார் விலைக் கடிகாரத்த இங்கன போட்டுட்டுப் போறீகளே, எனக்கா?"

சிரித்தார். "நீங்களே கட்டிக்கோங்க. இனி யாருகிட்டக் காட்ட?"

அவரோடு போட்டி போட்டுக் கடிகாரம் வாங்கிய மூன்று சேக்காளிகளும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இந்தப் பக்கம் வந்தால் மணி என்ன என்றாவது அவரிடம் கேளுங்கள். அந்த நால்வரில் மிச்சம் எங்கள் சுந்தரபாண்டி முதலாளி ஒருவர்தான்.