சுக்குன் கன்று

சிங்கப்பூரில், கம்பம் என்று அங்கே சொல்லும் தோ பாயோ கிராமத்தில் எங்கள் தகர வீட்டின் பின்னால் பெரிய மரம் ஒன்று நின்றது. கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய மறுநாள் காலையில் அதன் காய்களைப் பார்த்ததும் பலா என்று மனசு குதித்தது. இலை மட்டும் விரித்த கைபோல் இருந்தது. கடல் தாண்டி வந்தால் இலைகூட மாறும்போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு காயைப் பறித்துச் சாக்கில் சுற்றி வைத்தேன். காலையில் அடுப்பு மூட்டும் முன்பே அதை மோந்து பார்ப்பேன். பலா வாசம் வரவே இல்லை. காய் கொழகொழவென்றாகிப் புளித்த வாடைதான் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், எலி செத்துக் கிடக்கிறதோ என்று கட்டிலுக்கு அடியில் தேடினார்.

அதைக் கொட்டப் போனபோது பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் பார்த்துவிட்டாள். அவளுக்கும் என் வயதுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது சுக்குன், சுளையும் இல்லை கொட்டையும் இல்லை, காயாகவே சமைக்க வேண்டும் என்று கையால் பாதியும் மலாயில் பாதியுமாகச் சொன்னாள். மாலையில் மெல்லிசாக நறுக்கிப் பொரித்து வேலிக்கு மேலே நீட்டினாள். சிரித்ததை மன்னித்துவிட்டேன்.

அப்புறம் மரம் இருவருக்கும் பொதுவாகிவிட்டது. பால் ஒட்டாமல் இருக்கக் கத்தியில் எண்ணெய் தடவுவதை அவள் என்னைப் பார்த்துச் செய்தாள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவள் காய்ச்சுவாள். தேக்கா சந்தையில் வாங்கிய மல்லியும் மிளகாயும் அரைத்து நான் புளிக்குழம்பு வைப்பேன். தீபாவளிக்குப் பஜ்ஜியும் அதில்தான். கையைக் கடித்த மாதங்களில் சோற்றுக்குப் பதில் அவித்துத் தின்றிருக்கிறோம்.

அறுபதுகளில் கம்பத்தை எடுக்கப் போகிறார்கள், அடுக்குமாடி வரும் என்றார்கள். கொட்டையில்லாத மரத்துக்கு வாரிசு வேரிலிருந்துதான் வர வேண்டும். மண்ணுக்கு மேலே தெரியும் வேரைக் கீறிவிட்டால் அங்கே கன்று முளைக்கும் என்றாள் அவள். காய்க்கிற மரத்தைக் காயப்படுத்துவது பாவம் என்று வளர்ந்தவள் நான். கத்தியை வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவளே கீறினாள். எத்தனையோ இடத்தில் கீறியும் முளைத்தது ஒன்றே ஒன்று. மரம் என் வீட்டுப் பக்கம் நின்றதால் அதை நான் மண்ணெண்ணெய் டின்னில் எடுத்து வைத்துக்கொண்டேன். கீறியது யார் என்பதை இருவருமே பேசவில்லை.

அவள் சாங்கிப் பக்கம் சொந்தக்காரர் நிலத்துக்குப் போனாள். எங்களுக்கு ஏழாவது மாடி கிடைத்தது. வாசல் நடைபாதையில் வைத்த கன்றின் இலைகள் காற்றில் கிழிந்தன, கிழியாதவை மஞ்சளாயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். டின்னைப் பார்த்தாள், தேத்தண்ணி குடித்தாள், பிள்ளைகளைக் கொஞ்சினாள். கன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதைக் கொடுத்துவிட்டால் அந்தக் கம்பத்தில் வாழ்ந்ததற்கு என் கையில் ஒன்றுமே இருக்காது. கொடுக்காவிட்டால் கன்றே இருக்காது. இதையே நினைத்து நினைத்து எரிச்சல்தான் மிஞ்சியது.

குருத்தும் வாடத் தொடங்கியதும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வருகிறேன் என்று சொல்லி அனுப்பவில்லை. அவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழி. அடியில் தேங்காய் மட்டை அடுக்கி, சருகு போட்டு, கோழி கிளறாமலிருக்கப் பழைய தகரத்தால் பாதி மூடியிருந்தாள். ஓரத்தில் புல்கூட முளைத்துவிட்டது.

எப்போது வெட்டினாய் என்று கேட்டேன்.

"உன் வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாள்."

"நான் கொண்டு வரலைன்னா?"

"குழிதானே, கிடக்கும் லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டின்னை அவள் கையில் கொடுத்தேன்.