மரபணு என்று சொன்னதற்கு

எங்கள் மலையிலேயே சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டிலிருந்து என் பேத்தியைப் பெண் கேட்டு வந்தவர்கள் மூன்று பேர்: பையன், அவனுடைய அப்பா, அம்மா. எட்டு முறுக்கு, ஆறு வாழைப்பழம், மூன்று டம்ளர் காபி. எண்ணுவது என் பழக்கம்; சர்வே ஆபீசில் எல்லைக்கல் எண்ணியே காலம் தள்ளியவன். வந்தவர்கள் தின்றதை எண்ணிச் சொல்வது மரியாதை இல்லைதான். அவர்கள் செய்ததும் மரியாதை இல்லை.

எனக்கு ஒரு மகன், ஒரு மகள்; பேத்தி மகளின் ஒரே பெண். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனோடு போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் மிளகு காயப்போட்ட களம் வரைக்கும் கேட்கும்.

"ஏனுங்க, இப்படி எளச்சுப் போயிட்டீங்க?" என்று ஆரம்பித்தவர் பையனின் அப்பாதான்.

புராஸ்டேட் புற்றுநோய் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று மகள் இன்றும் சொல்கிறாள். கேட்டவருக்குப் பாதி பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சேலத்து டாக்டரம்மா வரைந்து காட்டியதை அப்படியே சொன்னேன். செல்லுக்குள் டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றிக் கிடக்கிறது. அந்த உருண்டைகளில் மெத்தில் என்ற அடையாளத்தை ஒட்டும் வேலைக்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. ஒட்டிய இடத்தைப் பொறுத்து நூலின் ஒரு பகுதி வேலை செய்யும், இன்னொரு பகுதி மூடிக்கொள்ளும். புற்றுநோய் செல்லில் இந்த ஒட்டும் வேலை தாறுமாறாகிறது. கெட்டுப்போன செல்லைச் சாகச் சொல்லும் பகுதியே மூடிக்கொள்கிறது. அதனால்தான் கட்டியை வளர்க்கும் ஹார்மோனை அடக்க ஊசி போட்டும் சில செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. எனக்கு ஐந்து ஊசி ஆயிற்று. இந்த நோயைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு ரத்தத்தில் இறங்கியிருந்தது, மறுபடி ஏறுகிறது.

மூவரும் தலையாட்டினார்கள். நாலாம் நாள் பையனின் அப்பா என் மகளுக்குப் போன் செய்தார். "மரபணு நோயின்னு பெரியவரே சொல்லிட்டாருங்க. பரம்பரையா வார சீக்குங்க. எப்படிப் பொண்ணெடுக்கறது?"

அத்தனை சொன்னதில் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மரபணு எல்லார் உடம்பிலும் இருக்கிறது. அவர்கள் தின்ற ஆறு வாழைப்பழத்திலும் இருந்தது.

பேத்தி அன்று சாப்பிடவில்லை. "உங்களை யாரு அப்புச்சி பாடம் நடத்தச் சொன்னது? சக்கரைன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்குச் சக்கரை இல்லையே, கண்ணு."

"ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்."

மகளோடு சேலம் போய் டாக்டரம்மாவையே கேட்டேன். "உங்கள் கட்டியில் தாறுமாறானது அந்தச் செல்களோடு சரி. அதை நீங்கள் பேத்திக்குக் கொடுக்கவில்லை" என்றார். நான் எழுவதற்குள், "ஆனால் சில குடும்பங்களில் இந்தப் புற்றுநோய் தொடர்ந்து வருவதும் உண்டு. உங்கள் மகன் ஐம்பதை நெருங்கும்போது பரிசோதித்துக்கொள்ளட்டும்" என்றும் சொன்னார்.

"ரெண்டாவதைப் பையன் ஊட்டுல சொல்லிப்புடாதீங்கப்பா" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை சோளக்காடு என்ற ஊரில் பஸ் ஏறி வளப்பூர் நாட்டுக்குப் போனேன். இரண்டையும் சொன்னேன்.

"இருக்குதுங்கறீங்களா, இல்லீங்கறீங்களா?" என்றார் பையனின் அப்பா.

"ஒரே வார்த்தையில சொல்ல இதென்ன பஸ்ஸா, வருமா வராதான்னு?"

"நம்மூரு பஸ்ஸுக்கும் அப்படிச் சொல்ல முடியாதுங்களே."

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் ராத்திரியில ஒண்ணுக்கு நாலு தடவ எந்திரிக்க வேண்டியிருக்குதுங்க. போனாலும் சரியா போக மாட்டேங்குது. அதுவும் உங்க சீக்குதானுங்களா?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். "வயசானா அந்தச் சுரப்பி சும்மாவும் வீங்குமுங்க. டாக்டர்கிட்டப் போயி ரத்தம் குடுத்துப் பாருங்க. பிஎஸ்ஏன்னு கேளுங்க. அது கெடக்கட்டும், பொண்ணு விசயம் என்னாச்சு?"

"ரத்தம் பாத்துட்டு வந்து பேசிக்கலாங்க. எனக்கும் இருந்துட்டா அப்புறம் என்னங்க, ரெண்டு ஊடும் ஒண்ணுதானே?" என்று சிரித்தார்.

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். என் பேத்தி பிடித்தவனைக் கட்ட வேண்டுமானால் இந்த மனிதருக்குப் புற்றுநோய் வர வேண்டுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கணம், வரட்டும் என்றுதான் நினைத்தேன். என்னை அப்படி நினைக்க வைத்ததற்கும் சேர்த்து அவர் மேல் ஆத்திரம் பொங்கியது.