வருஷம் முழுக்க விரதம்

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். லாரியை நேராகத்தான் ஓட்டுவார். வேலை முடிந்து கள்ளுக்கடையிலிருந்து நடந்து வரும்போதுதான் சிராங்கூன் ரோடு அவருக்கு அகலம் போதாது. ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் எடுத்தாரென்றால் நாற்பத்தெட்டு நாளும் ஒரு சொட்டு தொடமாட்டார். அப்போது அவரைவிடத் தங்கமான மனுஷன் இந்த ஊரிலேயே கிடையாது. காவடி இறக்கிய மறுநாள், விட்டதையெல்லாம் சேர்த்துக் குடித்துவிட்டு வந்து நிற்பார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்த மறுநாள் காலையிலேயே என் டிரங்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். "இன்னும் ஒரே ஒரு தடவை குடிச்சிட்டு வாங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கப்பல் ஏறிடுறேன்" என்றேன். சும்மா மிரட்டவில்லை. நாகப்பட்டினத்தில் இருந்த அண்ணனுக்குக் கடிதமும் போட்டாயிற்று.

பின் தெருவில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபை இருந்தது. குடியை விட நினைப்பவர்களுக்காக அங்கே புதன்கிழமைதோறும் கூட்டம் நடக்கும், அதுவும் சரியாகக் கள்ளுக்கடை களைகட்டும் நேரத்தில். தேத்தண்ணியும் பன்னும் கொடுத்து ஜெபம் செய்வார்கள். நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். மதம் மாறச் சொன்னால் பாதிரியாரிடமும் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பாதிரியார் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

"நாற்பத்தெட்டு நாள் எப்படிப்பா குடிக்காம இருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

"விரதம் லா, ஐயா. சாமிக்குப் பயந்துதான்."

பாதிரியார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ எங்க தவக்காலத்துக்கும் நாற்பது நாள் இரு. இன்னும் ரெண்டு வாரத்துல ஆரம்பிக்குது."

"அதுவரைக்கும்?"

"ஒத்திகை பாரு."

இருந்தார். மீன்கூடத் தொடவில்லை. அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவர்களே வெட்கப்படும்படி இருந்தார். ஈஸ்டர் வந்தது. ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருக்க, இவரைக் காணோம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. விரதம் முடிந்தால் கள்ளுக்கடைக்குப் போவதுதான் அவருக்குத் தெரிந்த முறை. சாமி வேறானாலும் முறை ஒன்றுதானே!

நான் கத்தினேன். பாதிரியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் ஓடினார். பின்னாலேயே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் ஓடினேன். கள்ளுக்கடை வரிசையில் இவர் மூன்றாவது ஆள். அங்கியோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் முன்னால் நின்ற கிழவர் பதறி வழிவிட்டு, "நீங்க முதல்ல வாங்கிக்குங்க, ஐயா. வெயில் வேற" என்றார்.

பாதிரியார் இவர் கையை விடாமல், எதிரே இருந்த பாயின் மளிகைக்கடைக்கே இழுத்துப் போனார். "பாய், உங்க நோன்பு எப்போ?"

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு."

"இவனையும் சேர்த்துக்க முடியுமா?"

பாய் இவரை மேலும் கீழும் பார்த்தார். "பகல்ல பச்சைத்தண்ணி கிடையாது. சாயங்காலம் என் கடைக்கு வந்து கஞ்சி குடிக்கட்டும். அதுக்குள்ள கள்ளுக்கடையை மூடிடுவான்."

அப்புறம் எனக்கு வேலை வந்தது. காலண்டரைக் கீழே எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று மதத்திலும் விரதம் தேடினேன். நோன்புக்குப் பிறகு ஆடி, புரட்டாசி, தீமிதி, கந்த சஷ்டி என்று கிடைத்தது. நடுவில் ஒரு மாதம் எந்தச் சாமியும் கைகொடுக்கவில்லை. பாதிரியார் யோசித்துவிட்டு, "சபைக்குப் பெயிண்ட் அடிக்கிற விரதம் ஒண்ணு இருக்கு" என்றார்.

"அப்படி ஒண்ணு இருக்கா, ஐயா?"

"இன்னையிலேருந்து இருக்கு."

கிறிஸ்துமஸுக்கு அந்தப் பாதிரியாரின் மனைவியே, வீட்டில் போட்ட திராட்சை ஒயினை ஒரு கிளாஸில் ஊற்றி இவரிடம் நீட்டிவிட்டார். "எனக்குத் தைப்பூச விரதம் ஆரம்பிச்சாச்சு, அம்மா" என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். பாதிரியார் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுபடியும் தைப்பூசம் வந்து போனது. காவடி இறக்கிய மறுநாள், காலண்டரில் ஒன்றுமில்லை. தவக்காலத்துக்கு நாளிருந்தது. அன்று புதன்கிழமையும் இல்லை. டிரங்குப் பெட்டி ஒரு வருஷமாக அதே வாசலில்தான் இருந்தது. சாயங்காலம் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வழக்கமாக வரும் நேரம் தாண்டியது. எந்தக் கப்பல் எப்போது என்று மனசு தானாகவே யோசிக்கத் தொடங்கிவிட்டது.

வந்தார். எழுந்து போய் வாய்க்குக் கிட்டே மோந்து பார்த்தேன். லாரி டீசல் நாற்றம்தான். டயர் பஞ்சராம்.

"இன்னைக்கு என்ன விரதம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல லா" என்றார். "சும்மாதான்."

செருப்போடு வீட்டுக்குள் வந்ததற்காக அவரைக் கண்டபடி திட்டினேன். அழுகையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். எல்லாம் பாச்சை உருண்டை வாசனை.